எட்டாவது நிமிடத்துக் கோப்பி

கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் தாட்சாயினியின் வேலை. மருத்துவமனைக் குழாய்கள் செய்யும் அவளுடைய தொழிற்சாலை முதலில் தீவில், பாயான் லெப்பாஸில் இருந்தது. அது இடம் மாறியபின் கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊருக்குப் போய் வருகிறாள். அங்குள்ள தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய மேசைக்கு வரும். சரியான எடைக்கல்லை வைத்துப் பார்த்து, எண் எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

"மெஷினத் திட்டாதீங்க. எவ்ளோ தப்பா காட்டுதுன்னு தெரிஞ்சாலே பாதி சரியான மாதிரி லா" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி ஓய்வதில்லை. ஜெலுத்தோங்கில் பன்னிரண்டாவது மாடி வீடு. சமையலறை ஜன்னலுக்குக் கீழே உள்ள பலகை முழுக்கக் கோப்பிச் சாமான்கள். இரண்டு தட்டு எவர்சில்வர் ஃபில்டர், நீளமான துணிப்பை வடிகட்டி, அடுப்பில் வைத்தால் உறுமிக்கொண்டு மேலேறும் இத்தாலிக்காரர்களின் அலுமினியப் பாத்திரம், காகிதம் மடித்து வைக்கும் பீங்கான் புனல், கையால் சுற்றும் அரைவை. பக்கத்தில் ஒரு சின்னத் தராசு. அது கோப்பிக்கு மட்டும். மாவு, சர்க்கரை நிறுக்க அதைத் தொட்டால் கோபம் வரும்.

இந்த ஆசை கல்யாணத்தோடு வந்தது. தாட்சாயினியின் அப்பா பரமநாதன் பட்டர்வொர்த்தில் ரயில்வே கிளார்க். பூர்வீகம் யாழ்ப்பாணம். அந்த வீட்டில் கோப்பித்தூளோடு மல்லியும் சுக்கும் இடித்துச் சேர்ப்பார்கள். கணவர் சந்திரசேகரன் பிறந்தது பத்து காவான் தோட்டத்தில். இப்போது தாட்சாயினி கார் நிறுத்துகிற இடத்திலிருந்து அவர்கள் வீட்டு வரிசை அரை மைல்கூட இருந்திருக்காது. அவர்கள் வீட்டில் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுத்த கறுப்புத் தூளைக் கொதிக்க வைத்து, துணிப்பையில் வடிகட்டி, டின் பால் ஊற்றுவார்கள்.

கல்யாணமான முதல் வாரம் அவள் போட்டுக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, "எனக்குக் காய்ச்சல் ஒன்னும் இல்லையே, எதுக்குக் கஷாயம்?" என்றார் சந்திரசேகரன்.

மறுநாள் அவர் போட்டதைக் குடித்துவிட்டு, "இந்தத் தாரை ரோட்டுக்குப் போடலாம்" என்றாள் அவள்.

சண்டை வரவில்லை. அவளுக்கு வேறொரு கேள்விதான் வந்தது. அவர் வீட்டுத் தூளைத் தன் வீட்டு முறையில் போட்டால்? தன் வீட்டுத் தூளை அந்தத் துணிப்பையில் வடித்தால்? நான்கு கோப்பை போட்டு வரிசையாக வைத்தாள். இருவருக்குமே பிடித்தது மூன்றாவது கோப்பை. அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது, இருபத்து நான்கு வருடம் நிற்கவில்லை. மகள் காமினி படித்துமுடித்துக் கோலாலம்பூரில் வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கி அனுப்பியதுதான் அந்தக் கை அரைவை.

காலை ஐந்தே முக்காலுக்கு இருவரும் அந்த ஜன்னலோரம் நின்றுதான் குடிப்பார்கள். பிறகு அவள் காரை எடுத்துக்கொண்டு இரண்டாவது பாலத்தில் ஏறுவாள். அவர் ஃபெர்ரி பிடித்துப் பட்டர்வொர்த்தில் உள்ள கப்பல் சரக்கு ஆபீசுக்குப் போவார்.

2022 ஏப்ரலில் இருவருக்கும் கோவிட் வந்தது. ஒரு வாரம் காய்ச்சல், இருமல், உடம்பு வலி. பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் தாட்சாயினி கோப்பி டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, வாசம் வரவில்லை. ஊரில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் அவள் பயப்படவில்லை. சந்திரசேகரனிடம் கேட்டபோது, "எனக்கும் ரெண்டு நாளு இல்ல. இப்ப வந்துருச்சி" என்றார்.

ஜூலையில் ஒரு காலை அவளுக்கும் வாசம் திரும்பியது. வந்தது தப்பாக வந்தது. சந்திரசேகரன் போட்டுக் கொடுத்த கோப்பையை வாயருகே கொண்டு போனாள். எரிந்த ரப்பரும் அழுகிய வெங்காயமும் சேர்ந்தாற்போல ஒரு நாற்றம் முகத்தில் அறைந்தது. அப்படியே சிங்கில் கொட்டினாள்.

"என்னத்தப் போட்டீங்க இதுல?"

"கோப்பித்தூள்தான் லா. நேத்து போட்ட அதே தூளு."

கோப்பியோடு நிற்கவில்லை. வதக்கிய வெங்காயம், பொரித்த கோழி, சோப்பு, தன் தலையணை உறைகூட அதே நாற்றம் நாறியது. இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தாள். வெறும் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டாள். சில நாள் அதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் அழுவாள். மூக்கு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, நரம்பு திரும்ப வளர்கிறது, வளரும்போது இப்படிக் குழம்பும், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும் என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு எண்ணெய்களைச் சின்னப் பாட்டில்களில் வைத்துத் தினமும் இரண்டு வேளை முகரச் சொன்னார். ஐந்து வாரம் முகர்ந்தாள். ஒரு மாற்றமும் இல்லை. பாட்டில்களைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

சந்திரசேகரன் வீட்டில் கோப்பி போடுவதை நிறுத்தினார். ஃபெர்ரி ஏறுமுன் அங்கிருக்கும் கடையில் நின்று பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ குடிப்பார். சாயங்காலம் வரும்போது புதினா மிட்டாய் மென்றுகொண்டு வருவார். அவருக்குத் தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவள் மனம் இளகியது.

அந்த அக்டோபரில் ஒரு நாள் அவள் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்கக் கேஸ். நாற்றம் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலும், இவ்வளவு பலமாக இருந்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்புத் திருகு பாதி திறந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் சந்திரசேகரன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"தெரியலையா உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தாள்.

"ஏதோ யோசனையில இருந்துட்டேன்" என்றார்.

அவள் நம்பினாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மிளகாய் வாங்கக் கமால் கடைக்குப் போனாள். லிட்டில் இந்தியாவில், மசாலாவும் கோப்பித்தூளும் விற்கும் கடை. கமாலுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பின்கட்டில் வறுக்கும் டிரம் வைத்திருக்கிறார். ஆறு மாதமாக அவள் அந்தப் பக்கமே வரவில்லை. அன்று முகமூடி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கமால் மிளகாயை நிறுக்கும்வரை மூச்சு தாங்கவில்லை. வாசலோரம் வந்து நின்று முகமூடியை இறக்கினாள். காலருகே பச்சைக் கோப்பிக்கொட்டை மூட்டை ஒன்று வாய் பிரிந்து கிடந்தது. பழக்க தோஷத்தில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

நாறவில்லை.

மறுபடி முகர்ந்தாள். காய்ந்த புல் போல, பட்டாணி ஊறவைத்த தண்ணீர் போல ஒரு சாதாரண வாசம். ஆறு மாதத்தில் அவள் மூக்கு ஒரு பொருளை ஒழுங்காகச் சொன்னது அன்றைக்குத்தான்.

"கமால், இது என்ன கொட்டை?"

"கோப்பிதான்க்கா. இன்னும் வறுக்கல."

"இதையா வறுக்கிறீங்க? உள்ள வறுபடுறதும் இதேவா?"

"அதே மூட்டதான். என்னாச்சி? கெட்டுப் போயிருக்கா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கொட்டை நாறவில்லை. அதே கொட்டை வறுபட்டால் நாறுகிறது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தில்தான் நாற்றம் தொடங்க வேண்டும். எந்த இடத்தில்?

ஒரு கிலோ பச்சைக்கொட்டை கொடுங்கள் என்றாள். கமால் சிரித்தார். "இத வச்சி என்ன செய்யப் போறீங்க? நட்டாலும் மொளைக்காது லா." என்றாலும் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு, இரும்புச் சட்டியைக் காயவைத்தாள். கொட்டையைப் போட்டுக் கிளற ஆரம்பித்தாள். நான்காவது நிமிடத்திலிருந்து, ஒவ்வொரு நிமிடமும் ஒரு கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போடவேண்டும். பதினான்காவது நிமிடம் வரை, பதினோரு கிண்ணம். சந்திரசேகரன் கையில் கடிகாரத்தோடு நின்று நிமிடம் சொன்னார். பச்சை மஞ்சளானது, மஞ்சள் இலவங்கப்பட்டை நிறமானது. ஒன்பதாவது நிமிடத்தில் கடுகு வெடிப்பதுபோலக் கொட்டைகள் பட் பட்டென்று வெடித்தன. அப்போது எழுந்த புகையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளி வராந்தாவுக்கு ஓடினாள். மீதியை அவர்தான் கிளறி, கிண்ணங்களில் எடுத்து வைத்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி எட்டிப் பார்த்து, தீயா என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிண்ணங்கள் ஆறியபின் அவள் வரிசையாக முகர்ந்தாள். நான்கு, வேகவைத்த பயறு. ஆறு, சுட்ட ரொட்டியின் ஓரம். எட்டு, வறுத்த வேர்க்கடலை. ஒன்பதை எடுத்தாள். வேர்க்கடலைக்குப் பின்னால் மெல்லியதாக ரப்பர். பத்தில் ரப்பர் மட்டும்தான். பதினொன்றை அவளால் மூக்கருகே கொண்டு வர முடியவில்லை.

"எட்டுக்கும் ஒம்போதுக்கும் நடுவுல!" என்று கத்தினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அங்கதான் இருக்குது. நான் பைத்தியம் இல்ல. அதுக்கு ஒரு இடம் இருக்குது!"

எட்டாவது நிமிடக் கொட்டையை அரைக்கக் கை வலித்தது, அவ்வளவு கெட்டி. சுடுநீரில் போட்டால் ஆவியோடு மறுபடி லேசாக ஏதோ வந்தது. எனவே சூட்டை எடுத்துவிட்டாள். தூளைச் சாதாரணத் தண்ணீரில் கலந்து ஃபிரிஜ்ஜில் பன்னிரண்டு மணிநேரம் வைத்தாள். மறுநாள் காகிதத்தில் வடித்தபோது கோப்பையில் விழுந்தது தேயிலைச் சாயம் போலிருந்தது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பார்லி. கோப்பி என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ஒரு முழுக் கோப்பையை நின்று நிதானமாகக் குடித்து முடித்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சோதனைதான். ஜொகூரிலிருந்து வரும் பெரிய கொட்டை, சுமத்ராவிலிருந்து வரும் சின்னக் கொட்டை, கமால் தரும் எதையும் வறுப்பாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவாள். நோட்டில் இரண்டு பத்தி. ஒன்று தனக்கு, 'தா'; இன்னொன்று சந்திரசேகரனுக்கு, 'சே'.

"என் மூக்கு இப்ப ரிப்பேர்ல இருக்குற மெஷின். சரியா இருக்குற மூக்கு ஒன்னு பக்கத்துல வேணும். உங்க மூக்குதான் எனக்கு எடைக்கல்லு" என்று கணவரிடம் சொன்னாள்.

சந்திரசேகரன் அதைக் கேட்டு ஒரு மாதிரி முழித்தார். ஆனால் உட்கார்ந்தார். ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து, பார்த்து, முகர்ந்து சொல்வார். "இது பச்சையா இருக்கு. இது ரொட்டி. இது நல்ல கோப்பி. இது கொஞ்சம் தீஞ்சிருக்கு."

பத்து வாரம் போனபின் ஒரு மாலையில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவளுக்கு 'சே' பத்தி உறுத்தியது. எல்லா வாரமும் ஒரே ஒழுங்காக இருந்தது. ஒரு தடவைகூடத் தடுமாற்றம் இல்லை, முன்னே பின்னே இல்லை. எந்த நல்ல தராசும் இவ்வளவு ஒழுங்காகக் காட்டாது என்று அவளுக்குத் தெரியும். மனுஷன் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார், முகரச் சோம்பேறித்தனம் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவருடைய துண்டையே எடுத்து அவர் கண்ணைக் கட்டப் போனாள்.

"இதெல்லாம் எதுக்கு? சின்னப் புள்ளைங்க வெளையாட்டு மாதிரி."

"அஞ்சு நிமிசம். சும்மா உக்காருங்க."

"எனக்குத் தல வலிக்குது தாட்சா."

"மோந்துட்டுப் படுங்க."

அவள் வேலையிடத்தில் எந்தச் சோதனைக்கும் முன்னால், ஒன்றுமே இல்லாததை வைத்துப் பார்ப்பது வழக்கம். பூஜ்யத்தைப் பூஜ்யம் என்று கருவி சொல்கிறதா என்று தெரியவேண்டும். அதனால் முதல் கோப்பையில் வெறும் சுடுநீர் ஊற்றி அவர் மூக்கருகே நீட்டினாள்.

சந்திரசேகரன் ஆவியை நீளமாக இழுத்தார். "ஆ, நல்ல கோப்பி. கசப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

தாட்சாயினி கோப்பைக்குள் பார்த்தாள். அடிப்பகுதியில் இருந்த பூப்போட்ட கோலம் தெளிவாகத் தெரிந்தது.

அலமாரியிலிருந்து கிராம்புப் பாட்டிலை எடுத்து வந்து திறந்து நீட்டினாள்.

"இதுவும் கோப்பிதான். முன்னத விட லேசு."

அடுத்து, தலைவலித் தைலம். அவர் சட்டென்று முகத்தை விலக்கினார். "தைலம்! என்ன வெளையாடுறியா?" என்றார் வெற்றியோடு.

தைலத்தின் காரம் மூக்கில் சுரீரென்று ஏறும், அதை வாசம் தெரியாதவனும் உணரலாம் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. அவள் கண்கட்டை அவிழ்த்தாள். மேசைமேல் கோப்பையும் கிராம்புப் பாட்டிலும் இருந்தன. அவர் இரண்டையும் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்கவில்லை.

"எத்தன நாளா?"

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து."

"ரெண்டு நாள்ல வந்துருச்சின்னு சொன்னீங்களே!"

"வந்துரும்னு நெனச்சேன். வரல."

"ஒரு வருசம்! எங்கிட்ட ஏன் சொல்லல?"

சந்திரசேகரன் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். "நீ சோத்தத் தின்ன முடியாம அழுதுக்கிட்டு இருந்த. எனக்கு நாறவும் இல்ல, மணக்கவும் இல்ல. அதுல என்னத்த வந்து சொல்றது? ஒனக்கு வந்தது பெரிசு. எனக்கு வந்தது ஒன்னுமில்லாதது."

"அப்ப ஃபெர்ரி கடையில தினம் கோப்பி?"

"சூடா இருக்கும். இனிப்பா இருக்கும். கடைக்காரன் ரெண்டு வார்த்த பேசுவான்."

அவளுக்கு அடுப்புத் திருகு ஞாபகம் வந்தது. அன்று தான் இன்னும் ஒரு மணிநேரம் கழித்து வந்திருந்தால் என்று நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பத்து வாரம் எழுதிருக்கேன்! எல்லாம் பொய்யி! என் நோட்டக் கெடுத்துட்டீங்களே!"

சொன்னவுடனே அவளுக்கே அது எவ்வளவு அபத்தமாகக் கேட்டது என்று தெரிந்தது. இருந்தாலும் அன்று கோபம் ஆறவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல் கார் ஓட்டும்போது ஒன்று உறைத்தது. ஒரு வருடமாக அவர் புதினா மிட்டாய் மென்றுகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். தன் வாயில் கோப்பி நாறுகிறதா இல்லையா என்று அவரால் தெரிந்துகொள்ளவே முடியாது. அதனால்தான் தினமும், தவறாமல், மென்றிருக்கிறார்.

சாயங்காலம் வரும் வழியில் புதிதாக நான்கு எண்ணெய்ப் பாட்டில்கள் வாங்கினாள். கேஸ் கசிந்தால் அலறும் ஒரு கருவியும் வாங்கி அடுப்பருகே மாட்டினாள். அதைச் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை.

"நாளைலேர்ந்து ரெண்டு பேரும் மோக்குறோம். ஒங்களுக்கு ஒன்னும் தெரியலன்னா ஒன்னும் தெரியலன்னு சொல்லணும். பூஜ்யம்னா பூஜ்யம். அதுவும் ஒரு கணக்குதான்" என்றாள்.

ஐந்தே முக்காலுக்கு மறுபடி இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள், கையில் கோப்பைக்குப் பதில் பாட்டிலோடு. ஒவ்வொன்றும் இருபது விநாடி. நோட்டில் 'சே' பத்தியில் வரிசையாகப் பூஜ்யம் விழுந்தது. இரண்டு பக்கம், மூன்று பக்கம். அவர் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. பொய் சொல்லவேண்டிய பாரம் போனதே அவருக்குப் போதுமாக இருந்ததுபோல, முன்னைவிட அதிகம் பேசினார். ரோஜாப் பாட்டிலை முகர்ந்துகொண்டே, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தெளிக்கும் பன்னீர் எப்படியிருக்கும் என்று வார்த்தையால் சொல்லப் பார்ப்பார். மணம் வராது. இருபத்தைந்து வருடம் கூட இருந்தவளுக்கே அவர் இவ்வளவு பேசுவார் என்பது புதுச் செய்தி.

பதினாறாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை ஏழரைக்கு அவள் போன் அடித்தது. பத்து காவானில் அப்போதுதான் காரை நிறுத்தியிருந்தாள்.

"தாட்சா! நாத்தம்!"

"என்ன?"

"ஃபெர்ரியிலேர்ந்து எறங்குறேன். இங்க நாத்தம் அடிக்குது. நெசமா நாத்தம்!" பின்னால் மோட்டார் சைக்கிள்கள் இறங்கும் இரைச்சல் கேட்டது. சந்திரசேகரன் அதையும் மீறிக் கத்திக்கொண்டிருந்தார். "தண்ணி வத்திக் கெடக்கு, சேறு. சேறுதான் நாறுது!"

"என்ன மாதிரி நாத்தம்? பத்துக்கு எவ்ளோ?"

"அலாமாக், நானே சந்தோசத்துல இருக்கேன், மார்க் கேக்குறியே!" என்றார். சற்று நின்று மூச்சை இழுத்தார். "மூனு. இல்ல, நாலு போட்டுக்க."

அவள் காருக்குள் உட்கார்ந்தபடி கையில் கிடைத்த பார்க்கிங் சீட்டில் 'சே, சேறு, 4' என்று எழுதினாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு எல்லாம் திரும்பவில்லை. கிராம்பு வந்தது, எலுமிச்சை பாதி வந்தது, ரோஜா இன்றுவரை வரவில்லை. கோப்பி வாசம் சில நாள் வரும், சில நாள் வராது. தாட்சாயினிக்கு அந்த எல்லைக்கோடு மெல்ல நகர்ந்தது. அடுத்த வருட நடுவில் ஒன்பதாவது நிமிடம் நாறவில்லை. பிறகு பத்து. பதினொன்றைத் தொட இன்னும் ஐந்து மாதம் ஆனது. வெங்காயமும் கோழியும் அதற்கு முன்பே சரியாகிவிட்டன. இப்போது அவளால் கமால் கடைக்குள் மூச்சைப் பிடிக்காமல் நிற்க முடிகிறது. ஆனால் வீட்டில் இன்றைக்கும் குளிர்ந்த நீரில் ஊறவைத்த எட்டைத்தான் குடிக்கிறாள். மூக்கு இன்னும் முழுதாகத் தேறவில்லையா, அல்லது நாக்கு மாறிவிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கும் என்று சொல்கிறாள்.

கமாலிடம் சொல்லி எட்டு நிமிடத்தில் இறக்கச் சொன்னபோது அவர் முதலில் மறுத்தார். "இத வித்தா என் பேரு கெட்டுரும்க்கா, வேகாத கோப்பி விக்கிறான்னு சொல்வாங்க." பிறகு அவளுக்காக மாதம் ஒரு டின் வறுத்தார். டின்னின் மேல் 8 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒருவர் இருவர் என்னவென்று விசாரித்தார்கள். அப்படி விசாரித்தவர்களில் ஒருவருக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு சித்தி. பெயர் செல்வநாயகி. வயது அறுபத்தெட்டு. கோவிடுக்குப் பிறகு இரண்டரை வருடமாகக் கோப்பியின் பக்கமே போகமுடியாமல் இருப்பவர். தாட்சாயினியின் நம்பரைக் கமால் கொடுத்துவிட்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பையில் பச்சைக்கொட்டையோடு சேர்த்துப் பன்னிரண்டு சின்னப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு, கணவரோடு ஃபெர்ரி ஏறினாள். செல்வநாயகி தனியாக இருக்கும் தரைவீடு. கூடத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாட்சாயினி எட்டாம் எண் பாட்டிலைத் திறந்து நம்பிக்கையோடு நீட்டினாள்.

"இதுலேர்ந்து ஆரம்பிப்போம்க்கா. இது நாறாது."

செல்வநாயகி முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தார். "ஐயோ, அழுகின முட்டை!"

ஏழு, முட்டை. ஆறு, முட்டை. பச்சைக்கொட்டைகூட லேசாக முட்டை. தாட்சாயினிக்கு முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்து ஒரு வயதானவரை நாற்றம் முகரவைத்ததுதான் மிச்சம் என்று பாட்டில்களை மூடப்போனாள்.

"மத்ததையும் காட்டு பிள்ள, வந்தது வந்துட்ட" என்றார் செல்வநாயகி.

ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் செல்வநாயகியின் சுளிப்பு குறைந்துகொண்டே வந்தது. பதினான்காவது நிமிடப் பாட்டில், எண்ணெய் கசிந்து கரியாகக் கறுத்துப்போன கொட்டை. யாரும் குடிக்கமாட்டார்கள் என்று தாட்சாயினி ஒப்புக்காக மட்டும் எடுத்து வந்தது. செல்வநாயகி அதை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இது நாறல்ல."

"நல்லா மோந்து சொல்லுங்கக்கா."

"நாறல்ல. ஒரு... புகை. அடுப்புப் புகை மாதிரி. அதுக்குள்ள ஏதோ இருக்கு."

தாட்சாயினி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சந்திரசேகரன் உதட்டைப் பிதுக்கினார். "ஒனக்கு இருந்ததுக்கு அப்படியே தலைகீழு."

"அதெப்படி?" என்றாள். அவள் குரலில் ஏமாற்றம் துளியும் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதின்மூன்றையும் பன்னிரண்டையும் இன்னொரு தடவை கொடுத்தாள், வரிசையை மாற்றி, எண்ணை விரலால் மறைத்து. அதே பதில்தான் வந்தது.

செல்வநாயகிக்கு அதற்குமேல் காத்திருக்கப் பொறுக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். பாட்டிலில் இருந்ததைச் சந்திரசேகரன் பையில் கொண்டுவந்திருந்த கை அரைவையில் கொட்டிச் சுற்ற ஆரம்பித்தார். நன்றாக வறுபட்ட கொட்டை, சுலபமாக அரைந்தது.

"எத்தன கரண்டி போடணும்?" என்று உள்ளிருந்து செல்வநாயகி கேட்டார்.

"ஒன்னு போடுங்கக்கா. அப்புறம் ரெண்டு போட்டுப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே தாட்சாயினியும் எழுந்து உள்ளே போனாள்.